நான் மாற்றி வாசித்த வரி

நூல்களை வகை பிரிப்பதும் அடுக்குவதும் உங்களுக்குப் படிப்பிலேயே வந்துவிடும். அதை நான் தொடப்போவதில்லை. புதிதாக நூலகப் பணிக்கு வந்திருக்கும் உங்களிடம் வேறொன்றைச் சொல்ல வேண்டும். ஒரு புத்தகத்தைப் பற்றி வாசகர் எழுதித் தரும் கருத்து, சில சமயம் அந்தப் புத்தகத்தைப் பற்றியதாகவே இருக்காது. கூட்டத்துக்கு நடுவில், மைக் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருக்கும்போது அது தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு அப்படி ஒருநாள் நேர்ந்தது. நான் செய்தது தவறு.

தென்காசிப் பக்கம் ஒரு நூலகத்தில்தான் என் பணியின் கடைசிச் சில வருடங்கள் கழிந்தன. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வாசகர் வட்டம் கூடும். எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு, கருத்தைச் சீட்டில் எழுதி வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம். கூட்டத்தில் நான் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பேன். பெயர் இல்லாததால் வெட்கப்படாமல் எழுதுவார்கள். அந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஆடி மாதத்துக்கு ஒரு ராணுவ நீதிமன்ற நாவலைத் தேர்ந்தெடுத்தேன். எல்லைச் சாவடியில் ஓர் அதிகாரி சுடப்பட்டுச் சாகிறார். பழி ஒரு சிப்பாய் மேல் விழுகிறது. அவனுக்காக வாதாட வரும் ஒரு பெண் மேஜர், சாட்சி சொல்லும் ஹவில்தாரைப் பக்கம் பக்கமாகக் குறுக்கு விசாரணை செய்கிறார். கடைசியில் அவர் கேட்கும் ஒரே ஒரு கேள்வியில் ஹவில்தார் உடைந்து, தான் சொன்னது பொய் என்று கூண்டிலேயே அழுகிறார். கீழே வைக்க முடியாத கதை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார்கள். கூட்டம் சேரும் என்று கணக்குப் போட்டேன்.

உள்ளே இருந்து பார்த்த ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்று சுபேதார் சண்முகையாவைச் சிறப்பு விருந்தினராக அழைத்தேன். ஓய்வு பெற்று வந்தவர். தினமும் காலையில் நூலகத்துக்கு வந்து நாளிதழ்களை வரிசையாகப் படிப்பார். படித்த தாளை மடிப்புக் கலையாமல் திரும்ப வைப்பார். அவர் பெயரைப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இரண்டு வாரம் அது அங்கேயே இருந்தது.

வழக்கமாகச் சீட்டுகளை முதல்நாளே ஒருமுறை படித்துவிடுவேன். அந்தச் சனிக்கிழமை வேறு வேலைகளில் விட்டுவிட்டேன். என்ன இருந்துவிடப் போகிறது என்ற அலட்சியம்தான்.

ஞாயிறு காலை சாரல் விடாமல் அடித்தது. இருந்தும் மாடி அறை நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பாவூர்சத்திரம் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் ராஜதுரை அண்ணாச்சி. எந்தப் புத்தகமானாலும் முதல் ஆளாகப் படித்துவிட்டு முதல் ஆளாகக் குறை சொல்வார். ஜன்னல் ஓரம் கல்லூரி மாணவி ஜெபா, தன் தோழிகளோடு. கடைசி வரிசையில் செண்பகம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருப்பவர், நாற்பதை ஒட்டிய வயது. சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமையில் லாட்ஜ்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இவர் எப்படி வந்தார் என்று ஒருகணம் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சீட்டுகள் வழக்கம்போல் கலகலப்பாகத்தான் தொடங்கின. “கொன்றவர் யார் என்று அறுபதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது” என்று ஒருவர். “தலையில் தொப்பி இல்லாமல் மேஜருக்கு சல்யூட் அடிக்கிறான். ஆசிரியர் ஒரு பட்டாளத்துக்காரரையாவது கேட்டிருக்கலாம்” என்று ஒருவர். சுபேதார் சிரித்துத் தலையாட்டினார்.

“முதல் நூறு பக்கம் வெறும் பனியாப் பெய்யுது. அதைத் தள்ளிட்டுப் போனா கதை நல்லாருக்கு.” இதற்குச் சீட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை. அண்ணாச்சி எழுத்து.

இன்னொரு சீட்டில் ஒரு தாய் எழுதியிருந்தார்: “என் மகன் எல்லையில் இருக்கிறான். இதைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.” அறை கொஞ்சம் அடங்கியது.

அடுத்த சீட்டைப் பிரித்தேன். நீல மையில், நிதானமான கையெழுத்து. வாசிக்க ஆரம்பித்தேன். “நாவலில் சாட்சி சொன்ன ஹவில்தார் கடைசியில் கூண்டில் நின்று அழுகிறார்.” வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் கீழே ஓடிவிட்டது. இப்படி இருந்தது:

“என் தம்பி இசக்கிமுத்துவின் வழக்கில் சாட்சி சொன்ன ஹவில்தார் அழவில்லை. அறிவிப்புப் பலகையில் சிறப்பு விருந்தினர் என்று பெயர் போட்டிருக்கிறதே, அவர்தான்.”

“என்” என்ற சொல் ஏற்கெனவே என் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. மைக்கில் கேட்டாயிற்று. பக்கத்து நாற்காலியில் சுபேதார், கைகளை முழங்கால் மேல் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்... என்னைப் பொறுத்தவரை, நாவலிலேயே உருக்கமான கட்டம் இதுதான்” என்று முடித்துவிட்டுச் சீட்டை மடித்தேன்.

இரண்டு பேர் கைதட்டினார்கள். தப்பித்தோம் என்று நான் அடுத்த சீட்டுக்குக் கை நீட்டியபோது, கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“சார், நான் அப்படி எழுதல.”

செண்பகம் எழுந்து நின்றிருந்தார்.

“மொத வரி நான் எழுதுனது. ரெண்டாவது வரி நீங்களா சொன்னது. நான் எழுதுனதை வாசிங்க.”

நாற்பது முகமும் என்னை நோக்கித் திரும்பின. முப்பது வருடமாக, யார் எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தவன் நான். ஒரு பக்கத்தைக் கூடக் கிழித்ததில்லை. இப்போது ஒரு வாசகர் எழுதியதை, அவர் கண்ணெதிரேயே, என் வசதிக்காக மாற்றியிருக்கிறேன். அந்த அறையில் அந்த நேரத்தில் பொய் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

“ஆமா. மாத்தித்தான் வாசிச்சேன்” என்றேன். வேறு எதைச் சொன்னாலும் இன்னொரு பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணாச்சி திரும்பி, “அப்படி என்ன எழுதியிருக்கு?” என்றார். ஜன்னல் ஓரம் மூன்று செல்போன்கள் உயர்ந்தன.

சுபேதாருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. “சார், என்னமோ எழுதியிருக்காவ, வாசிச்சிருங்க. நாவலைத் திட்டினா நமக்கென்ன?” என்று சிரித்தார்.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. கூட்டம் முடிந்தது என்று அறிவித்துவிடலாம். அதுதான் பாதுகாப்பானது. மேலதிகாரிகள் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது சீட்டை அப்படியே வாசித்துவிடலாம். அது நேர்மையைப் போலத் தெரியும். ஆனால் ஒரு மனிதரை விருந்தாளியாக அழைத்து மேடையில் உட்காரவைத்து, என் குரலில் அவர்மேல் குற்றம் வாசிப்பதாக ஆகிவிடும்.

முதலில் மைக்கை அணைத்தேன். “ஜெபா, போனைக் கீழே வைம்மா. எல்லாரும் வைங்க. இது வெளிய போகக்கூடாது” என்றேன். ஜெபா உடனே அணைத்தாள். மற்ற இருவரையும் அவளே முறைத்து இறக்கவைத்தாள். பிறகு சீட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைவரை நடந்து போய் செண்பகத்தின் கையில் கொடுத்தேன்.

“இது உங்க எழுத்து. மாத்துனது என் தப்பு. இங்கயே வாசிக்கணுமா, இல்ல என் ரூமுல வச்சு அவருகிட்ட நேருக்கு நேர் பேசுதியளா? நீங்களே சொல்லுங்க.”

செண்பகம் சீட்டைப் பிரித்தார். நான் மறைத்ததை எழுதியிருந்தபடியே வாசித்தார். குரல் நடுங்கவில்லை.

சுபேதாரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மெல்ல எழுந்தார். “நீங்க... இசக்கிமுத்துக்கு அக்காவா?”

“ஆமா.”

“நான் பொய் சொல்லலம்மா. அவன் காவல் பாராவுல தூங்குனான். கண்ணால பாத்தேன். பாத்ததைச் சொன்னேன்.”

“தூங்குனான். அவனே ஒத்துக்கிட்டான். எவ்வளவு நேரமா நின்னான்னு சொன்னியளா?”

சுபேதார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சொன்னியளான்னு கேக்கேன்.”

“அதை யாரும் எங்கிட்ட கேக்கலம்மா.”

“கேட்டாத்தான் சொல்லணுமா?”

அண்ணாச்சி எழுந்துவிட்டார். “ஏம்மா, கூப்பிட்டு வந்த மனுசனை வச்சுக்கிட்டு இப்படியா பேசுவாவ? பட்டாளத்துல ஆயிரம் இருக்கும்” என்றவர், பாதியில் நின்றார். “எந்த இசக்கிமுத்து? நம்ம கடையில மூட்டை தூக்குத இசக்கியா? வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பய?”

முன்வரிசை அண்ணாச்சிதான் தம்பி வேலை பார்க்கும் கடைக்காரர் என்று செண்பகத்துக்கு அதுவரை தெரியாது.

“பதினோரு வருசமா எங்கிட்ட இருக்கான். பட்டாளத்துல இருந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே” என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டே சொன்னார். செண்பகம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை அவரே நாற்பது பேருக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டார்.

நான் சுபேதாரிடம் போனேன். “ஐயா, போகணும்னா போகலாம். ஆட்டோ வரச் சொல்லுதேன்” என்றேன்.

“இல்ல சார். இங்கனயே சொல்லிருதேன்.”

அவர் உட்காரவில்லை. மேசைமேல் இருந்த நாவலின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பேசினார்.

“கிடங்குக்குப் பாரா. எனக்குக் கீழ நாலு பேரு. மாத்தி மாத்தி ஆளை நிறுத்துதது என் பொறுப்பு. அன்னைக்கு ரெண்டு பேருக்குக் காய்ச்சல். மிச்சம் ரெண்டு பேருல ஒருத்தனை நான் டவுனுக்கு அனுப்பிட்டேன். மறுநாள் எனக்கு லீவு. ஊருக்குக் கொண்டு போக டிரங்குப் பெட்டி வாங்கிட்டு வரச் சொன்னேன். அவன் ஒரு மணி நேரத்துல வந்துருவான்னு நெனச்சேன். வரல. காலையில ஆறு மணிக்கு நின்ன இசக்கிமுத்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் நின்னான். முந்தின நாளும் அவன்தான். ரெண்டு மணிக்கு ஆபீசர் வந்தாரு. சுவத்துல சாஞ்சு கண்ண மூடியிருந்தான்.”

நின்றுகொண்டிருந்த அண்ணாச்சி உட்கார்ந்தார்.

“விசாரணையில எங்கிட்ட ரெண்டே கேள்வி. தூங்குனானா? தூங்குனான். நீ பாத்தியா? பாத்தேன். அவனே ஒத்துக்கிட்டதால மேல யாரும் கேக்கல. மாத்து ஆளு எங்கன்னு ஒரு கேள்வி வரும்னு நின்னேன். வரல. வெளிய வந்து மூச்சு விட்டேன் சார். அவனுக்குச் சில மாசம் சிறை. அப்புறம் வேலையும் போச்சு. எனக்கு அடுத்த வருசம் பிரமோசன்.”

நாவலை என் பக்கம் தள்ளினார். “இதுல அந்த மேஜரம்மா கடைசியா ஒரு கேள்வி கேக்குதாவல்லா? அந்தப் பக்கத்துல நின்னுட்டேன். அதுக்கு மேல என்னால படிக்க முடியல. முழுசாப் படிச்சேன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டுத்தான் இங்கன வந்து உக்காந்திருக்கேன்.”

கூட்டம் எப்படிக் கலைந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஜெபா எல்லாருடைய குடைகளையும் எடுத்துக் கொடுத்து ஒவ்வொருவராக இறக்கிவிட்டது மட்டும் நினைவிருக்கிறது. கடைசியில் சுபேதாரும் செண்பகமும் அண்ணாச்சியும் நானும் மிஞ்சினோம்.

சுபேதார் வெள்ளைத்தாள் கேட்டார். என் மேசையில் உட்கார்ந்து, நடந்ததைப் பெட்டி வாங்க அனுப்பியது உட்பட இரண்டு பக்கத்துக்கு எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, “சாட்சிக் கையெழுத்து நீங்க போடுங்க சார்” என்றார். நூலக முத்திரை மேசைமேலேயே இருந்தது. தயங்கினேன். அரசாங்க முத்திரையை அதில் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் காதால் கேட்டதற்கு நான் சாட்சி இல்லை என்று சொல்லவும் உரிமை இல்லை. முத்திரையை இழுப்பறையில் வைத்துவிட்டு, வீட்டு முகவரியோடு என் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்கும் இப்படி ஒருநாள் வரலாம். உங்கள் பதவிக்கு எது உரியது, உங்களுக்கு எது உரியது என்று அந்த ஒரு நிமிடத்தில் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை நாங்கள் நால்வரும் பாவூர்சத்திரம் சந்தையில் நின்றோம். லாரியிலிருந்து தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த இசக்கிமுத்து, முதலில் அக்காவைப் பார்த்தான். பிறகு அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தான். தலையில் இருந்த பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தான். அப்படியே அண்ணாச்சியையும் பார்த்துவிட்டான். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டான்.

“யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?” என்று அக்காவிடம்தான் முதல் கேள்வி. “பாத்துப் பாத்து மறைச்சு வச்சிருந்தேன். உனக்கு என்ன வந்துச்சு?”

சுபேதார் முன்னால் வந்து தாளை நீட்டினார். “நடந்ததை எழுதியிருக்கேன் இசக்கி. மேல அனுப்பிருவோம். என்ன ஆனாலும் நான் பாத்துக்கிடுதேன்.”

இசக்கிமுத்து நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தான். படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

“இதை அனுப்புங்க. பதில் வரட்டும், வராமப் போகட்டும். ஆனா எனக்கு அது இல்ல விசயம். எங்க ஊருல தூங்குமூஞ்சி வீடுன்னுதான் எங்க வீட்டைச் சொல்லுதாவ. எங்க அப்பா அதைக் கேட்டுக் கேட்டே போய்ச் சேந்தாரு. கடைசியா அவரு முகத்தைப் பாக்கக்கூட நான் ஊருக்குள்ள ராத்திரி வந்து ராத்திரியே போனேன். அங்கன வந்து சொல்லுவியளா?”

சுபேதார் முகத்தில் வந்த பயத்தை நான் பார்த்தேன். அந்த ஊரில் அவர் மனைவி வழிச் சொந்தம் உண்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் அவருக்கு முதல் மரியாதை. மேலிடத்துக்கு மனு எழுதுவது ஒரு விஷயம். அந்த ஊர் முகங்களுக்கு நேரே நின்று சொல்வது வேறு.

“இன்னைக்கே போவோம்” என்றார்.

அண்ணாச்சி கடைப்பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவரும் கிளம்பினார். தென்காசி வந்து பஸ் மாறினோம். இசக்கிமுத்து கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்தான். புளியங்குடி தாண்டியதும் செண்பகம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. ஊர் முகப்பில் டீக்கடை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சுபேதாரைக் கண்டதும் இருவர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பின்னால் இறங்க வந்தவனைக் கண்டதும் பேச்சு நின்றது. ஆட்டோவிலிருந்து ஒரு கால் கீழே வைத்த இசக்கிமுத்து, இன்னொரு காலை எடுக்காமல் நின்றான். திரும்பிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

சுபேதார் உட்காரவில்லை. சந்தையில் கொடுத்த அதே தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பிரித்துப் பார்த்தார். பிறகு மடித்து உள்ளேயே வைத்துவிட்டுப் பார்த்துப் படிக்காமல் சொன்னார். டிரங்குப் பெட்டியை விடவில்லை. பிரமோசனை விடவில்லை. இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒருவர் கேட்டார்: “அப்ப இவன் தூங்கவே இல்லங்கியளா?”

“தூங்குனான்” என்றார் சுபேதார். “தூங்குத வரைக்கும் நிக்க வச்சது நான்.”

இசக்கிமுத்து இரண்டாவது காலையும் கீழே வைத்து இறங்கினான். டீக்கடைக்காரர் ஒரு கிளாஸைக் கழுவி, டீயை ஆற்றி, எங்கள் எல்லாரையும் தாண்டிப் போய் அவன் கையில் கொடுத்தார்.

“ஏலே இசக்கி, எப்பலே வந்த?” என்றார், முந்தாநாள் ஊருக்குப் போனவனைக் கேட்பது போல.

“இப்பத்தான் சித்தப்பா” என்றான் இசக்கிமுத்து.